படமெடுத்த பால்கே

பாம்பும் படமெடுக்கும், மனிதனும் படமெடுப்பான். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதைப் பள்ளிக்கூட நாட்களில் சிலேடையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிலேடை மெய்யாகவே அரங்கேறிய ஆண்டு ஒன்று உண்டு. 1919-இல் ஒருவர் படமெடுத்தாடும் பாம்பை வைத்துப் படமெடுத்தார். அந்தப் பாம்பின் தலைமீது நின்றவள் அவர் பெற்ற மகள். அவளுக்கு அப்போது ஆறேழு வயதுக்கு மேல் இராது. படத்தின் பெயர் 'காளிய மர்தன்'. எடுத்தவர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. நாடறிந்த பெயர் தாதாசாகேப் பால்கே.

தாதா என்றதும், தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நம் கண்முன் வருபவன் கையில் அரிவாளோடு நிற்பவன். மராத்தியிலோ அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். சிவாஜி கணேசனுக்கும் பாலசந்தருக்கும் ரஜினிகாந்துக்கும் கிடைத்த விருதின் பெயர் என்ற அளவிலேதான் நம்மில் பலர் இவரை அறிவோம். நானும் இந்த ஊருக்கு வரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

நான் வேதியியல் மாணவன். வானவடியில், மகாத்ஜி சிந்தேயின் நினைவு மண்டபத்துக்குப் போகும் சாலையில், ஒரு மாடியறையில் குடியிருக்கிறேன். இரண்டு பேருந்து மாறிப் பல்கலைக்கழகம் வந்து சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். இப்படிப்பட்டவன் திரைப்பட வரலாற்றில் ஏன் தலையிட்டான் என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் ஒரு வாக்குவாதம். சென்ற ஆண்டு ஒரு மாலை, உணவு விடுதியில் நம்மவர் நாலைந்து பேர் கூடியிருந்தபோது, திரையில் கண்ட காட்சிகளுள் எது மிகுந்த அச்சம் தருவது என்ற பேச்சு எழுந்தது. ஒருவர் 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' என்றார். நீராடிக்கொண்டிருக்கும் பெண்மேல் கத்தி பாயும் அந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதைப் படமாக்க ஏழு நாட்கள் ஆயின. இன்னொருவர் 1975-இன் 'ஜாஸ்' படத்தைச் சொன்னார். சுறாவைக் காட்டாமலே கடலைக் காட்டி மிரட்டிய படம் அது. நீரை வைத்து நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் கலை மேல்நாட்டாருடையது, நம்மவர்க்கு நீர் என்றால் மழையில் நனைந்து பாடுவதற்குத்தான் என்று ஒருவர் முடிவு கட்டினார். அங்கிருந்த மூத்த ஆய்வு மாணவர் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, லா காலேஜ் சாலையில் இருக்கும் திரைப்பட ஆவணக் காப்பகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். அன்று தொடங்கியது என் தேடல்.

பால்கே பிறந்தது 1870 ஏப்ரல் 30-ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில். கோதாவரி தோன்றும் இடம் அது. பிரம்மகிரியில் பிறக்கும் ஆறு ஊருக்குள் குசாவர்த்தம் என்னும் குளத்தில் வெளிப்படுகிறது என்பது நம்பிக்கை. கும்பகோணத்தைச் சேர்ந்த எனக்கு அது மகாமகக் குளத்தை நினைவூட்டுகிறது. படிக்கட்டுகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் இறங்கி மூழ்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை அவர். தந்தை வடமொழி வல்லுநர். பம்பாய் வில்சன் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே பெயர்ந்தது. பிள்ளையோ வேதம் படிக்கவில்லை. 1885-இல் ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவின் கலாபவனத்தில் ஓவியம், நிழற்படம், கட்டிடக் கலை என்று கண்டதையெல்லாம் கற்றார்.

கோத்ரா என்ற ஊரில் நிழற்படக் கடை வைத்துப் பிழைக்க முனைந்தார். அங்கே பிளேக் நோய் வந்தது. மனைவியும் குழந்தையும் மாண்டார்கள். 1900-இல் அவருக்கு வயது முப்பது. கையில் ஒரு கேமரா. வீட்டில் யாரும் இல்லை. பரோடாவுக்குத் திரும்பி மீண்டும் கடை வைத்தார். கேமரா மனிதர் உடம்பிலிருந்து உயிர்ச் சத்தை உறிஞ்சிவிடும் என்று ஊரார் அஞ்சி ஒதுங்கினார்கள். பிழைப்புக்கு வழியின்றி, செருமானிய மந்திரவித்தைக்காரர் ஒருவரிடம் கண்கட்டு வித்தை பயின்றார். தம் பெயரைத் திருப்பிப் போட்டுப் 'புரொபசர் கெல்பா' ஆனார். இந்த வித்தைக்காரரை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மடுவுக்குள் குழந்தையை இறக்கப் போகிறவர் இவர்தாம்.

1902-இல் மறுமணம் நடந்தது. வந்தவர் சரசுவதிபாய். இந்த அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். தொல்பொருள் துறையில் நிலையான வேலை, அதை விட்டுவிட்டுச் சுதேசி வேகத்தில் அச்சுத் தொழில், லோனாவளாவில் அச்சுக்கூடம், இரவிவர்மாவின் படங்களை அச்சிடும் வேலை, வண்ண அச்சு கற்கச் செருமனிப் பயணம், பங்காளிகளோடு சச்சரவு, மீண்டும் வெறுங்கை என்று கணவர் தாவிக்கொண்டே இருந்தார். நம் லோக்கல் ரயில் போய் நிற்கும் அதே லோனாவளாதான்.

1911-இல் பம்பாயில் ஒரு கூடாரக் கொட்டகையில் ஏசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய ஊமைப் படம் பார்த்தார் பால்கே. ஏசு திரையில் நடக்கும்போது இவர் உள்ளத்தில் கண்ணன் நடந்தான், இராமன் நடந்தான். மறுநாள் மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். அதன் பிறகு உறக்கம் இல்லை. கிடைத்த படச்சுருள்களையெல்லாம் இரவு பகலாக உற்று நோக்கிக் கண்பார்வையே போயிற்று. மருத்துவர் ஒருவர் அரும்பாடுபட்டு மீட்டுக்கொடுத்தார். பார்வை வந்ததும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடு வைத்தார். 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் உதவியால் ஹெப்வொர்த் என்பாரின் படப்பிடிப்பு நிலையத்தைக் கண்டு தொழில் நுணுக்கங்களை அறிந்தார். வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

திரும்பியதும் அவர் எடுத்த முதல் துண்டுப் படத்தை அறிவியல் மாணவர் என்ற முறையில் நாம் சிறிது நின்று கவனிக்க வேண்டும். ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை, நாளுக்கொரு கட்டமாக ஒரு மாதத்துக்கு மேல் படம் பிடித்தார். திரையில் ஓட்டினால் ஒரு மாதம் சிறு பொழுதாகச் சுருங்கிவிடும். செடி நம் கண்முன் எழுந்து நிற்கும். காலத்தைச் சுருக்கலாம் என்பதை அவர் கைப்படக் கற்றுக்கொண்டது அந்தத் தொட்டிச் செடியிடம். காலத்தை நீட்டவும் செய்யலாம் என்பதைக் கற்றுக்கொண்டது ஏழாண்டுகள் கழித்து, தண்ணீருக்குள்.

அதற்கு முன் 'இராஜா அரிச்சந்திரா' வந்தது. 1913 மே 3-ஆம் நாள் பம்பாய் காரனேஷன் கொட்டகையில் திரையிடப்பட்டது. நீளம் 3,700 அடி. பெண் வேடத்துக்குப் பெண் எவரும் கிடைக்கவில்லை. உணவு விடுதியில் வேலை செய்துகொண்டிருந்த சாலுங்கே என்ற இளைஞர் சந்திரமதியானார். மராத்தியர் அவளைத் தாராமதி என்பார்கள். தோழியராக வந்த ஆடவர்கள் மீசையை எடுக்க மறுத்தார்களாம். தந்தை இறந்தால்தானே மீசை எடுப்பது! வீட்டிலோ, துளையிடாமல் வந்த கச்சாப் பிலிமை இருட்டறையில் அமர்ந்து துளையிட்டுக் கொடுத்தவர் சரசுவதிபாய். அறுபது எழுபது பேருக்குச் சமைத்துப் போட்டவரும் அவரே. அவருடைய நகைகளும் அடகுக்குப் போயின.

அப்படத்தில் எஞ்சியிருக்கும் சுருள்களில் ஒரு குளியல் காட்சி இருக்கிறது. கிடைத்திருப்பவை 1917-இல் பால்கே மறுபடியும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள், அது நிற்க. அரசி தோழியரோடு தொட்டியில் நீராடிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் நனைந்த சேலையோடு விளையாடுகிறார்கள். அப்போது அரசன் அவசரமாக உள்ளே வருகிறான். இந்தியத் திரையின் முதல் குளியல் தொட்டி இதுதான் என்பார்கள். தொட்டியில் இருப்பவர் அனைவரும் ஆண்கள் என்பதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் காட்சியின் அமைப்பில் சிரிக்க ஒன்றுமில்லை. குளிப்பவர் உடையும் காவலும் இன்றி, வெளியே என்ன நடக்கிறது என்று அறியாமல் இருப்பவர். அந்த நேரத்தில் கதவு வழியாக எது வந்தாலும் அதிர்ச்சிதான். அரசன் கொண்டு வருவது கத்தியன்று, அழைப்பு. இருந்தாலும், அந்த ஓட்டத்தைக் கண்டதும் விளையாட்டு முடிந்தது, இனி இவளுக்குத் துன்பம்தான் என்று கதை தெரிந்த நமக்குத் தோன்றிவிடுகிறது. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஹிட்ச்காக் நின்றதும் இதே குளியலறை வாசலில்தான். அவர் இதைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை.

அதே படப்பிடிப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அரிச்சந்திரனின் மகனாக நடித்தவன் பால்கேயின் மூத்த மகன் பாலச்சந்திரன். வெளிப்புறப் படப்பிடிப்பின்போது மற்றப் பிள்ளைகளோடு விளையாடி விழுந்து அடிபட்டு அவன் மயக்கமுற்றான். நகரத்துக்குக் கொண்டு போய்ச் சிகிச்சை செய்யலாம், படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று உடனிருந்தோர் சொன்னார்கள். எடுக்க வேண்டியிருந்ததோ, இறந்த மகனைச் சிதையில் வைக்கும் காட்சி. மயங்கிக் கிடந்த பிள்ளையை அப்படியே கிடத்திக் காட்சியை எடுத்து முடித்தார் தந்தை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்த மனிதர் இதை எப்படிச் செய்தார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பெரியோர் வரலாறு எழுதும்போது இத்தகையவற்றைத் தொழில் பக்தி என்று பாராட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். எனக்கு அது இயலவில்லை.

பட நிலையம் நாசிக்குக்கு மாறியது. 1917-இல் 'இலங்கா தகன்' வந்தபோது பூனா ஆரியன் கொட்டகையிலும் மக்கள் முண்டியடித்தார்கள். சென்னையில் வசூலான நாணயங்களை மாட்டுவண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலோடு கொண்டு சென்றார்கள் என்பார்கள். ஏறக்குறைய இதே காலத்தில் நம் நடராஜ முதலியார், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கற்றுக்கொண்டு சென்னை திரும்பி, 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. படிப்புக்காகப் பூனாவுக்கு வந்த தமிழர் வரிசையில் நமக்கு அவர் முன்னோர். அந்தப் படம் இன்று ஓர் அடிகூட நமக்கு மிஞ்சவில்லை.

1918 தொடக்கத்தில் பங்குதாரர்களோடு இந்துஸ்தான் பிலிம் கம்பெனியை நிறுவினார் பால்கே. அவ்வாண்டே 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா'வில், யமுனையிலிருந்து பாம்பின்மேல் கண்ணன் எழும் காட்சியை எடுத்தார். அது மக்களைக் கவர்ந்தது. மறு ஆண்டு அந்தப் பாம்பையே முழுப் படமாக்கினார். கண்ணனாக மகள் மந்தாகினி. மந்தாகினி என்பது கங்கையின் பெயர்!

'காளிய மர்தன்' தொடங்கும் விதமே புதுமையானது. முதலில் மந்தாகினி என்ற சிறுமியைச் சிறுமியாகவே காட்டுகிறார். அவள் முகத்தில் மகிழ்ச்சி, சினம், வியப்பு என்று மெய்ப்பாடுகள் மாறி மாறித் தோன்றுகின்றன. பிறகு நம் கண்முன்னே அவள் உருவம் கரைந்து கண்ணனாகிறது. இதைப் பெரும்பாலும் குழந்தையின் திறமையைக் காட்டும் அறிமுகம் என்றே சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இனி நீருக்குள் குதிக்கப் போவது தெய்வம் என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாதபடி, அது ஒரு வீட்டுக் குழந்தை என்பதை முன்கூட்டியே நம் மனத்தில் பதித்துவிடுகிறார். கண்ணனுக்கு ஆபத்தில்லை என்பதை நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். மந்தாகினிக்கு ஆபத்தில்லை என்று யார் சொல்ல முடியும்?

குறும்புகளெல்லாம் முடிந்து, கண்ணன் மரத்தில் ஏறி மடுவில் குதிக்கிறான். இங்கேதான் கலை. நீருக்குள் பாம்போடு போராட்டம். உடனே கரை, ஆயரும் ஆய்ச்சியரும் யசோதையும் பதறுகிறார்கள். மறுபடி நீருக்குள். மறுபடி கரை. இப்படி மாறி மாறிக் காட்டுகிறார். போராட்டம் ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருக்க, கரையில் உள்ளவர்க்குக் காலம் நகர மறுக்கிறது. பட்டாணிச் செடியில் சுருக்கிய காலத்தை இங்கே இழுத்து நீட்டுகிறார்.

அறிவியல் முறையில் சொல்வதானால், மூச்சை அடக்கிப் பழக்கமில்லாத மனிதன் நீருக்குள் தாக்குப்பிடிப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்று அதிகம். இதைப் பார்வையாளனுக்கு எந்த எழுத்துப் பலகையும் போட்டு விளக்க வேண்டியதில்லை. அவன் உடம்புக்கே தெரியும். கதையில் கடிகாரம் காட்டாமலே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. மேலும், நீருக்குள் யாரும் பேசுவதில்லை. ஊமைப் படம் எதையும் இழக்காமல் நின்ற ஒரே இடம் நீரடி என்று சொல்லலாம். பால்கேக்கு முன்பே நீருலகைக் காட்டியவர்கள் உண்டு. பிரான்சில் மெலியே என்பவர் 1898-இலேயே, கேமராவுக்கு முன் ஒரு மீன்தொட்டியை வைத்து, அதன் பின்னே உலர்ந்த மேடையில் ஆட்களை நடிக்கவிட்டு, கடலடியில் மூழ்கிய கப்பலைக் காட்டினார். அவரும் நம் கெல்பாவைப் போல மந்திரவித்தைக்காரரே. அமெரிக்காவில் வில்லியம்சன் சகோதரர் கடலுக்குள் கண்ணாடி அறை ஒன்றை இறக்கி, அதனுள் இருந்து எடுத்த படம் 1916-இல் வந்தது. அவர்கள் காட்டியது பெரும்பாலும் நீருக்குள் இருக்கும் விந்தையை. பால்கே திரும்பத் திரும்பக் கரையைப் பார்த்தார். அச்சம் கரையில் அல்லவா இருக்கிறது!

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஞாயிறு மாலை, அறையில் கணினியில் இப்படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மராத்திக் குடும்பத்தின் பெண்குழந்தை, ஏழு வயது, என்னைத் தாதா என்றுதான் அழைப்பாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணன் நீரில் மறைந்ததும் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினாள். கரையைக் காட்டும்போது மூச்சை விட்டாள். மீண்டும் நீருக்குள் என்றதும் மீண்டும் அடக்கினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நூறாண்டுக்கு முன் ஒருவர் வெட்டி ஒட்டிய துண்டுகளின் அளவுக்கு, வானவடியில் ஒரு குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவள் முகம் வாடியது நீரைப் பார்த்தபோது அன்று, யசோதையைப் பார்த்தபோது.

எனக்கு அப்போது என் அப்பாயியின் நினைவு வந்தது. எங்கள் ஊரில் அரசலாற்றுப் படித்துறையில் நான் நீச்சல் பழகிய புதிது, ஒன்பது வயது. அப்பாயியைப் பயமுறுத்த வேண்டும் என்று முங்கியவன், படித்துறையை ஒட்டியிருந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, நாற்பது எண்ணும்வரை எழவில்லை. நீருக்குள் எனக்கு ஒரே குதூகலம். எழுந்து பார்த்தபோது அப்பாயி இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. இறங்கிய வேகத்தில் பாசிப் படியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டிருந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை, என் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கால் அதன் பிறகு சரியாகவே இல்லை. கடைசிவரை படியிறங்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வார். நான் இங்கே படிக்க வந்த இரண்டாம் மாதம் அவர் காலமானார். அந்த நாற்பது எண்ணிக்கையில் கரையில் என்ன நடந்தது என்பதை நான் பார்த்ததில்லை. அன்று இந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

நிற்க. பால்கேயின் கதைக்கு வருவோம். காளியன் தலைமேல் கண்ணன் எழுந்து ஆட, நாகப் பெண்டிர் கைகூப்பப் படம் வெற்றி பெற்றது. ஆனால் அதற்குள் பங்குதாரர்களோடு கணக்கிலும் கருத்திலும் மோதல் முற்றிவிட்டது. எல்லாவற்றையும் உதறிவிட்டுக் குடும்பத்தோடு காசிக்குப் போய்விட்டார் பால்கே. கங்கைக் கரையில் இருந்தபடி நாடகம் ஒன்று எழுதினார். அழைப்பு வந்ததும் திரும்பி வந்தார். பழைய கம்பெனியிலேயே மீண்டும் பணிபுரிந்தார். படங்கள் பல வந்தன. பழைய மிடுக்கு இல்லை. 1931-இல் படம் பேசத் தொடங்கியது. அவர் எடுத்து வந்த 'சேதுபந்தன்' ஊமைப் படமாகத் தொடங்கி, பின்னர் ஒலி சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. கடலுக்குப் பாலம் கட்டிய அந்தக் கதை அவர் கைப்பணத்தை விழுங்கியது. கடைசிப் படம், அவர் இயக்கிய ஒரே பேசும் படம், கோலாப்பூரில் எடுத்து 1937-இல் வெளிவந்த 'கங்காவதரண்'. விண்ணிலிருந்து கங்கை இறங்கும் கதை. அப்போது வயது அறுபத்தேழு. அதன் பிறகு யாரும் அழைக்கவில்லை. 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில், கோதாவரிக் கரையில், உலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட நிலையில் மறைந்தார். அவர் பெயரால் விருது ஏற்பட்டது 1969-இல்.

எடுத்தவை ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பெரிய படங்களும் சில குறும்படங்களும். எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்க சில, அவையும் பெரும்பாலும் துண்டுகள். நம் புனேயில் 1964-இல் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியபின், பி. கே. நாயர் என்ற கேரளத்துக்காரர் ஊர் ஊராக அலைந்து பழஞ்சுருள்களைச் சேர்த்தார். நாசிக்கில் பால்கேயின் குடும்பத்தாரிடம் கிடந்த துண்டுகளையும் பெற்று வந்தார். 'காளிய மர்தன்' பெரும்பகுதி கிடைத்தது அவ்வாறே. அவர் 2016-இல் இவ்வூரிலேயே காலமானார்.

இங்கே என் துறைச் செய்தி ஒன்று. அந்நாளைய பிலிம் நைட்ரோ செல்லுலோசால் ஆனது. வெடிமருந்துப் பஞ்சுக்கு அது நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்திருப்பதால், ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது, நீருக்கடியிலும் எரியும். 2003 ஜனவரி 8-ஆம் நாள், பழைய பிரபாத் நிலையத்து வளாகத்தில் உள்ள திரைப்படக் கல்லூரியின் பெட்டகத்தில் இத்தகைய சுருள்கள் பெருவாரியாக எரிந்து போயின. பால்கேயின் படங்களுக்கு முன்னரே நகல் எடுத்து வைத்திருந்தபடியால் மந்தாகினி இன்னும் யமுனையில் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

சென்ற ஞாயிறு கீழ்வீட்டுக் குழந்தை மறுபடியும் வந்து பாம்புப் படம் போடச் சொன்னாள். இம்முறை மூச்சை அடக்கவில்லை. கண்ணன் எழுந்துவிடுவான் என்பது தெரிந்துவிட்டதே! கண்ணனாக வருவது பையனல்ல, உன்னைப் போன்ற பெண், படமெடுத்தவர் அவளுடைய அப்பா என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா அப்போது எங்கே இருந்தாள் என்று கேட்டாள். இருட்டறையில் பிலிமுக்குத் துளையிட்டுக்கொண்டிருந்திருப்பாள், அல்லது எல்லோருக்கும் சமைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை போலும். கரையில் நிற்கும் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் எழுந்து போய், திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்து, ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்தாள்.